சுக்கான் குற்றமா, இருக்கைக் குற்றமா?

பொழுதுபோக்குக்காகக் கயாக் ஓட்டுவோரிடம் அடிக்கடி எழும் குறைகள் இரண்டு: படகு சொன்ன பக்கம் திரும்புவதில்லை என்பது ஒன்று, சிறிது நேரம் உட்கார்ந்தாலே இடுப்பு வலித்துக் கால் மரத்துப்போகிறது என்பது மற்றொன்று. முதலாவதைச் சுக்கானின் குற்றமாகவும் இரண்டாவதை இருக்கையின் குற்றமாகவும் பிரித்துக்கொண்டு, ஒன்றுக்கு ஸ்பேனரையும் மற்றொன்றுக்குத் தலையணையையும் தேடுவதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் ஓட்டுபவரின் இடுப்பு, தொடை, பாதம், மிதிகட்டை, அதிலிருந்து பின்னால் ஓடும் கயிறு, கயிற்றின் முடிவில் உள்ள சுக்கான் ஆகிய அனைத்தும் ஒரே விசைத் தொடரின் கண்ணிகள் ஆகையால், அத்தொடரின் ஒரு முனையில் ஏற்பட்ட தளர்ச்சி மறுமுனையில்தான் பெரும்பாலும் தென்படுகிறது. எனவே சுக்கானைக் கழற்றுவதற்கு முன் இருக்கையைச் சோதிப்பதே முறையான வரிசை. அந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் நல்ல நிலையிலுள்ள உறுப்புகளை மாற்றிவிட்டுப் பழைய குறையோடே மீண்டும் நீரில் இறங்க நேர்கிறது.

கயாக் என்பது குறுகிய உடலும் இருமுனையிலும் அலகு கொண்ட துடுப்பும் உடைய, ஒருவரோ இருவரோ காலை முன்னே நீட்டி அமர்ந்து செலுத்தும் படகு. ஆர்க்டிக் கடலோரங்களிலும் அலூஷியன் தீவுகளிலும் வாழ்ந்த மக்கள், கரையொதுங்கிய மரத்தால் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய், கடற்சிங்கம் முதலியவற்றின் தோலைப் போர்த்தித் தைத்து இதை உருவாக்கினர். வேட்டைக்காரரின் உடல் அளவுகளைக் கொண்டே அவருடைய படகு கட்டப்பட்டதால், இடுப்பும் தொடையும் படகின் உட்புறத்தோடு இறுகப் பொருந்தின; அடியில் விரித்த தோலைத் தவிர வேறு இருக்கை வேண்டியிருக்கவில்லை; இடுப்பைச் சற்றுச் சாய்த்தாலே படகு திரும்பிவிட்டதால் சுக்கானும் வேண்டியிருக்கவில்லை. பல உடல்களுக்கு ஒரே அளவில் படகு செய்து விற்கும் காலம் வந்தபோது, இழந்த அந்தப் பொருத்தத்தை ஈடுசெய்ய நுழைந்தவையே இறுக்கித் தளர்த்தும் இருக்கையும் காலால் இயக்கும் சுக்கானும் எனலாம். ஜெர்மனியின் ஆஸ்கார் ஸ்பெக், துணிபோர்த்திய மடிப்புக் கயாக் ஒன்றில் 1932இல் உல்ம் நகரிலிருந்து தன்யூப் ஆற்றின் வழியே புறப்பட்டு, இந்திய, இலங்கைக் கரைகளையும் கடந்து, 1939இல் ஆஸ்திரேலிய ஆட்சிக்குட்பட்ட டோரஸ் நீரிணைத் தீவுகளை அடைந்தார். அத்தகைய நெடும்பயணத்திற்கும் படகைத் திசைப்படுத்தியது பாதத்தால் இயக்கப்பட்ட சிறு சுக்கான்தான்.

இன்று ஏரி, உப்பங்கழி, அலையடங்கிய கடலோரம் ஆகியவற்றில் ஓட்டப்படும் பொழுதுபோக்குக் கயாக், பெரும்பாலும் 3 முதல் 3.7 மீட்டர் நீளமும் 70 முதல் 85 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கின் பொடியைச் சூடான அச்சுக்குள் இட்டுச் சுழற்றி உருக்கி இதை வார்க்கிறார்கள். குழிக்குள் காலை நுழைத்து அமரும் வகையும் உண்டு. மூடிய மேற்பரப்பின் மீதே அமரும் வகையும் உண்டு. நீளம் குறைந்து அகலம் மிகுந்திருப்பதால் இப்படகு கவிழ்வது அரிது. ஆனால் அதே காரணத்தால் ஒவ்வொரு துடுப்பு வலிப்புக்கும் முகத்தை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு செல்லும். இந்த ஆட்டம் இவ்வகைப் படகின் பிறவிக்குணம். ஆகவே எது குணம், எது பழுது என்று பிரித்தறிவதிலிருந்துதான் ஆய்வு தொடங்க வேண்டும்.

சுக்கானின் பணி பற்றிய தவறான எண்ணம் வீண் பழுதுபார்ப்புகள் பலவற்றுக்குக் காரணமாகிறது. கயாக்கில் சுக்கானின் முதன்மையான வேலை படகைத் திருப்புவது அன்று. வேண்டாத பக்கம் திரும்பாமல் காப்பதே. நகரும் படகின் முன்முனையாகிய அணியம் நீரைக் கிழித்துச் செல்கையில், அங்கே இருபுறமும் நீர் அழுத்திப் பிடித்திருக்கிறது; கலங்கிய நீரில் பின்தொடரும் கடையாலுக்கு, அதாவது பின்முனைக்கு, அவ்வளவு பிடிப்பு இல்லை. பக்கவாட்டில் வீசும் காற்று பிடிப்பில்லாத அந்த முனையைத் தள்ளுவதால், படகு தானாகவே காற்று வரும் திசைக்கு முகம் திருப்பிக்கொள்கிறது. வாடைக்காற்று வீசும்போது கிழக்கு நோக்கிச் செல்லும் கயாக், எத்தனை முறை நேராக்கினாலும் வடக்கே முகம் திருப்பிக்கொண்டிருப்பது இதனால்தான். சுக்கான் பலகையை நீருக்குள் இறக்கினால் கடையாலுக்கும் பிடிப்பு கிடைத்து இந்தத் திருப்பம் அடங்கும். ஆனால் அதே பலகையை மிதிகட்டையின் எல்லைவரை மிதித்துக் கோணலாகவே வைத்திருந்தால், அது திசை காட்டுவதைவிட வேகத்தைக் குறைக்கும் தடையாகவே மிகுதியும் செயல்படும். படகு கனக்கிறது, இழுக்கிறது என்று சொல்லப்படும் பல நேரங்களில், சுக்கான் பழுதாகாமல் அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்பட்டிருக்கும்.

குற்றம் எங்கே என்பதைக் காட்டும் சோதனை எளியது. காற்றும் நீரோட்டமும் அடங்கிய காலை வேளையில், கரைக்கு அருகே, சுக்கானை முற்றிலும் தூக்கி மேல்தளத்தில் படுக்க வைத்துவிட்டு, எதிரே ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறியாகக் கொண்டு சீராகத் துடுப்பு வலித்துச் செல்ல வேண்டும். பிறகு வலிப்பதை நிறுத்திப் படகைத் தானாக ஓடவிட்டு, அது எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்க்க வேண்டும். போகும்போது ஓட்டுபவரின் எந்தக் கைப்பக்கம் ஒதுங்கியதோ அதே கைப்பக்கம் திரும்பி வரும்போதும் ஒதுங்கினால், காற்றும் நீரோட்டமும் காரணமல்ல என்பது உறுதியாகும். சுக்கான் நீரில் இல்லாதபோதும் படகு ஒரு பக்கமாகவே இழுக்கிறது என்றால் குற்றம் இருக்கையிலோ, சுமை வைத்த முறையிலோ, படகின் அடிப்பகுதியிலோ, துடுப்பைப் பிடிக்கும் கையிலோதான் இருக்கிறது. சுக்கான் இல்லாமல் நேராகச் சென்ற படகு சுக்கானை இறக்கியதும் கோணினால் மட்டுமே சுக்கானின் பக்கம் கைவைக்க வேண்டும்.

ஒரு பக்கமாகவே இழுக்கும் படகுகளில் முதலில் பார்க்க வேண்டியது இருக்கையின் வார்கள். மேற்பரப்பில் அமரும் கயாக்கின் இருக்கை பெரும்பாலும் நான்கு வார்களால், அதாவது முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக, படகில் பதித்த வளையங்களில் கொக்கியிட்டு மாட்டப்படுகிறது. இவற்றுள் இடப்பக்கத்து முன் வார் வலப்பக்கத்ததைவிட இரண்டு விரற்கடை நீண்டிருந்தாலும் சாய்மானம் ஒருக்களித்து நிற்கும். அதில் சாயும் உடலும் தன்னையறியாமல் ஒரு பக்கமாகப் பாரத்தை இறக்கும். இடப்பக்கம் சாய்ந்த கயாக் பொதுவாக வலப்பக்கம் திரும்பும் இயல்புடையது; ஏனெனில் சாய்ந்த பக்கத்தில் நீரில் அமிழும் உடலின் வளைவு மிகுந்து, படகை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. ஓட்டுபவரோ தாம் நேராக அமர்ந்திருப்பதாகவே நம்பி, திரும்பும் படகைச் சுக்கானால் ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பார். கரையில் இருக்கையை மாட்டி, இருபுற வார்களின் நீளத்தையும் அளவு நாடாவால் அளந்து சமப்படுத்தி, சரியான இடத்தில் அழியாத மையால் ஒரு கோடு போட்டுவைத்தால் இந்தத் தொல்லை அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். சமப்படுத்திய வாரும் ஓட ஓடத் தளர்கிறது என்றால், பக்கிளின் பற்கள் தேய்ந்திருக்கலாம், அல்லது வாரில் உப்பும் நுண்மணலும் ஏறி வழுவழுத்திருக்கலாம். நன்னீரில் ஊறவைத்துக் கழுவிய பின்னும் வழுக்கினால் பக்கிளை மாற்றிவிட வேண்டும். அதுவரை வாரின் வால்முனையைப் பக்கிளுக்குள் திருப்பிக் கோத்து ஒரு முடிச்சிட்டு வைப்பது தற்காலிகமாக உதவும்.

ஒருக்களிப்பைவிடப் பரவலான, ஆனால் எளிதில் கண்ணுக்குப் படாத குறை, இருக்கை சிறிது சிறிதாகப் பின்னே நகர்வது. மனித உடலே இப்படகில் ஏறும் மிகப் பெரிய சுமை; அது ஒரு சாண் பின்னே போனாலும் கடையால் தாழ்ந்து அணியம் நிமிர்கிறது. அணியத்துக்கு நீரின் பிடி குறைவதால், காற்று இப்போது முன்முனையைத் தள்ளத் தொடங்கி, படகு காற்றை நோக்கித் திரும்பாமல் காற்று போகும் பக்கமாகத் திரும்புகிறது. இதற்கு எதிர்மாறாக, முன்னறையில் தண்ணீர்க் குடுவைகளும் உணவுப் பெட்டியும் ஏற்றியதால் அணியம் தாழ்ந்தால், சிற்றலைகளில் கடையால் எழும்போதெல்லாம் சுக்கான் பலகையின் பாதி நீருக்கு வெளியே வந்து வெறுங்காற்றைத் துழாவும். சுக்கான் பிடிக்கவில்லை என்னும் முறையீடு இவ்விரு நிலைகளிலும் எழுகிறது. இரண்டிலும் சுக்கானில் திருத்த ஒன்றுமில்லை. ஓட்டுபவர் அமர்ந்த நிலையில், கரையில் நிற்பவர் பக்கவாட்டிலிருந்து பார்த்து, நீர்க்கோடு இரு முனையிலும் ஏறத்தாழச் சமமாக உள்ளதா என்று சொன்னாலே போதும்.

சுக்கானையே உண்மையில் கெடுத்துவிடும் இருக்கைக் குற்றம் இனிமேல்தான் வருகிறது. பழைய முறையில் அமைந்த மிதிகட்டைகள் ஒரு தண்டவாளத்தின் மீது முன்னும் பின்னும் வழுக்கி நகர்பவை. வலக்காலை அழுத்தினால் வலக் கயிறு சுக்கானை வலப்பக்கம் இழுக்க, இட மிதிகட்டை பின்னே வரும். துடுப்பு வலிப்பதற்கோ பாதம் ஊன்ற ஓர் அசையாத இடம் வேண்டும். வலிக்கும் விசை கையிலிருந்து உடலின் வழியே இடுப்புக்கும் பாதத்துக்கும் இறங்கித்தான் படகுக்குச் சேர்கிறது. சாய்மானம் தளர்ந்து இடுப்பு பின்னே வழுக்கும்போது, விழாமல் இருக்க ஓட்டுபவர் இரண்டு பாதங்களாலும் மிதிகட்டைகளை ஒருசேர உந்துகிறார். இரு கயிறுகளும் ஒரே நேரத்தில் இழுபட்டு, சுக்கான் எப்பக்கமும் திரும்பாமல், கயிறு மட்டும் நீளுகிறது; முடிச்சுகள் வழுக்குகின்றன; தண்டவாளத்தைப் படகோடு பிணைக்கும் ஸ்குரூக்களின் துளைகள் அகலுகின்றன. சில மாதங்களில் மிதிகட்டை கொழகொழவென்று ஆகிவிட்டது என்று கயிறு மாற்றப்படுகிறது. இருக்கை தளர்ந்தே இருப்பதால் புதுக் கயிறும் அதே வழியில் நீளுகிறது. அடிப்பகுதி அசையாமல் நிற்க, கட்டைவிரல் படும் மேற்பகுதி மட்டும் சாய்ந்து சுக்கானை இயக்கும் பிற்கால அமைப்பு, ஊன்றும் வேலையையும் திருப்பும் வேலையையும் பிரித்துவிட்டதால் இக்குறையிலிருந்து பெருமளவு தப்புகிறது. பழைய தண்டவாள முறையிலுள்ள படகை வைத்திருப்போர், செலவு சற்றுக் கூடினாலும், இந்த மாற்றத்தைச் செய்துகொள்வது எல்லாப் பழுதுபார்ப்பிலும் சிறந்தது.

இருக்கை தளர்வதற்கு வாரைத் தவிர வேறொரு காரணம், வார் மாட்டும் வளையமே படகிலிருந்து பெயர்வது. பாலிஎத்திலீன் மென்மையானது, அதில் நேரடியாகத் திருகப்பட்ட ஸ்குரூ, முதுகின் முழு விசையையும் நாள்தோறும் தாங்கித் தன் துளையை விரித்துக்கொள்ளும். பசை ஊற்றி மீண்டும் திருகுவது பயன் தராது. பெரும்பாலான பசைகள் பாலிஎத்திலீனில் ஒட்டுவதில்லை, ஒட்டியதுபோல் காய்ந்து பிறகு தோலாக உரிந்துவிடும். மூடித் துளை வழியாகக் கையை உள்ளே விட முடிந்தால், ஸ்குரூவுக்குப் பதிலாகப் போல்ட் இட்டு, உட்புறத்தில் அகலமான வாசரும் கழலாத நட்டும் பொருத்துவதே உறுதியான தீர்வு. கை எட்டாத இடங்களுக்கு, உட்புறத்தில் மூன்று கிளையாகப் பிளந்து விரியும் தனிவகை ரிவெட்டுகளைப் பயன்படுத்துகிறார்கள். சாதாரண ரிவெட்டு மெல்லிய பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

கால் மரத்துப்போவதை இருக்கையின் மென்மைக் குறைவாகக் கருதுவது இயல்பே. எனினும் மேலும் ஒரு மெத்தையைப் போடுவது பல நேரங்களில் வலியை மிகுவிக்கிறது. இடுப்பிலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கும் பெருநரம்பு, இருக்கையின் கடினமான விளிம்பாலோ, முழங்கால் முற்றிலும் நீண்டு தொடைத் தசைநார் இழுபடுவதாலோ நெருக்கப்படும்போதுதான் பாதம் மரக்கிறது. பாதத்தாங்கியை ஒன்றிரண்டு படி அருகே கொண்டுவந்து முழங்கால் சற்று மடங்கும்படி செய்து, தொடைக்கு அடியில், முழங்காலை நோக்கிய பக்கத்தில், சரிவாக வெட்டிய நுரைப்பலகைத் துண்டு ஒன்றை வைத்தால் உடற்பாரம் பரவலாகிறது. சாய்மானம் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் கீழ்ப்பகுதியைத் தாங்குவதற்கானது. நாற்காலியில் போல முதுகு முழுவதையும் சாய்த்துக்கொள்ளப் பயன்படுத்தினால் இடுப்பு முன்னே வழுக்கும், முதுகு கூனும், மிதித்த விசை சுக்கானுக்குப் போய்ச் சேராது. மெத்தையை உயர்த்துவதில் மற்றோர் இடர் உண்டு: உடலின் பாரமையம் சில சென்டிமீட்டர் ஏறினாலும் படகின் தள்ளாட்டம் தெளிவாகக் கூடும். மீன்பிடிக் கயாக்குகளில் காணப்படும் அலுமினியச் சட்ட இருக்கைக்கு உயரநிலை, தாழ்நிலை என இரண்டு நிலைகள் இருந்தால், காற்று வலுக்கும் நேரத்தில் தாழ்நிலையே தகும். காற்றடைத்த இருக்கைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: வெயிலில் காற்று விரிந்து தையல் பிளக்கும் என்பதால் சற்றுக் குறைவாக அடைக்க வேண்டும், காற்று இறங்கினால் முதலில் வால்வில் மணல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இருக்கை உறுதியாகி, சுமை சமமாகி, அதன் பிறகும் குறை நீடித்தால், சுக்கானை ஆராயலாம். படகைக் கரையில் இரண்டு நுரைக்கட்டைகளின் மேல் வைத்து, கடையால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்து, சுக்கான் பலகையை இறக்க வேண்டும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து இரண்டு மிதிகட்டைகளையும் சமநிலையில் வைக்க, மற்றொருவர் பின்னால் முழந்தாளிட்டுப் பார்த்தால், பலகை படகின் நடுக்கோட்டோடு ஒரே நேராக இருக்க வேண்டும். கோணியிருந்தால் நீண்ட பக்கத்துக் கயிற்றைச் சுருக்கினால் போதும். அடுத்து, பின்னால் இருப்பவர் பலகையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, முன்னால் இருப்பவர் ஒரு மிதிகட்டையை மெல்ல அழுத்த வேண்டும். பலகை நகராதபோது மிதிகட்டையும் நகரக் கூடாது. நகர்ந்தால் அந்த நகர்வு எங்கே விழுங்கப்படுகிறது என்று கண்ணால் தொடர்ந்து பார்க்கலாம். தண்டவாளம் வளைகிறதா, முடிச்சு ஊர்கிறதா, கயிறு மெலிந்து நீள்கிறதா, சுக்கான் தலையைத் தாங்கும் அச்சாணி தன் துளைக்குள் ஆடுகிறதா என்பவை இந்த ஒரு சோதனையிலேயே வெளிப்பட்டுவிடும். அச்சாணி ஆடினால் தேய்ந்த பிளாஸ்டிக் உறையை மாற்ற வேண்டும். கயிற்றை இறுக்கி அந்த ஆட்டத்தை மறைக்க முயன்றால் தேய்வு இன்னும் விரைவாகும்.

கயிற்றின் வகையும் கவனத்துக்குரியது. நைலான் கயிறு நனைந்தால் நீளும் என்பதால் சுக்கான் இழுக்க அது ஏற்றதன்று. நீளாத தன்மைக்காகப் புகழ்பெற்ற டைனீமா கயிறு மிகவும் வழுவழுப்பானது. வழக்கமான முடிச்சுகள் அதில் நழுவும், எனவே இரட்டைச் சுற்று முடிச்சிட்டு வாலை நீளமாக விட வேண்டும். துருப்பிடிக்காத எஃகால் ஆன மெல்லிய கம்பிவடம் உள்ள படகுகளில், வடத்தின் முனையை மடக்கி நெரித்துப் பூட்டிய சிறு உலோகக் குழலின் வாயில்தான் முதல் இழை அறும். ஒரு பழந்துணியால் வடத்தைப் பற்றி உருவினால் அறுந்த இழை துணியில் மாட்டிக்கொண்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும்; வெறும் விரலால் உருவினால் ஊசியாகக் குத்தும். ஓர் இழை அறுந்திருந்தாலும் வடம் முழுவதையும் மாற்றிவிடுவதே பாதுகாப்பு. பழைய வடத்தை உருவிவிட்டுப் புதியதை நுழைக்க முயல்வது வீண்பாடு. பாவாடைக்கு நாடா கோப்பதுபோல, பழையதன் வாலில் ஒரு மெல்லிய நூலைக் கட்டி இழுத்து, அந்த நூலின் வாலில் புதியதைக் கட்டி மீண்டும் இழுக்க வேண்டும். இணைத்த பின் வலக்காலுக்கு வலப்பக்கமும் இடக்காலுக்கு இடப்பக்கமும் பலகை திரும்புகிறதா என்று கரையிலேயே பார்த்துவிட வேண்டும். இரு வடங்களும் இடம் மாறிப் பொருத்தப்பட்டால் நீரில் அது பெருங்குழப்பமாகிவிடும்.

பலகை இறங்க மறுப்பதும் ஏற மறுப்பதும் பெரும்பாலும் மணலின் வேலை. அச்சு போல்ட்டைக் கழற்றி, பலகைக்கும் தாங்கிக்கும் இடைப்பட்ட இடத்தைக் கழுவி, மீண்டும் நட்டை இறுக்கிய பின் கால் சுற்றுத் தளர்த்தினால், பலகை தன் எடையில் தடையின்றி விழும். எண்ணெய் விடுவது மணலை இன்னும் நன்றாகப் பிடித்துவைக்கும். சிலிக்கோன் தெளிப்பு அந்தத் தீங்கைச் செய்வதில்லை. இறங்கிய பலகை ஓட்டத்தில் மெல்ல மிதந்து மேலே வருகிறது என்றால், இறக்கும் கயிற்றைப் பூட்டும் கவ்வியின் பற்கள் தேய்ந்துள்ளன என்று கொள்ளலாம். அதற்காகப் பலகையைக் கீழேயே கட்டிவைப்பது பெருந்தவறு. பாறையிலோ வேரிலோ இடித்தவுடன் எகிறி மேலே வருவதற்காகவே அது அவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த வழியை அடைத்தால் இடியின் விசை முழுவதும் கடையாலின் வார்ப்பில் இறங்கும்.

இதே நோக்கத்தோடு அமைந்த மற்றோர் உறுப்பு, காலால் மிதித்து உந்தும் கயாக்குகளில் உண்டு. ஹோபி நிறுவனம் 1997இல் துடுப்பாக அசையும் இரு இறக்கைகளை மிதித்து இயக்கும் பொறியை அறிமுகப்படுத்திய பின் இவ்வகை பரவியது. கால்கள் உந்துவதில் ஈடுபட்டிருப்பதால் இவற்றில் சுக்கான் கையருகே உள்ள பிடியால் இயக்கப்படுகிறது. சுக்கானைப் படகோடு இணைக்கும் அச்சாணி பல படகுகளில் வேண்டுமென்றே பிளாஸ்டிக்கால் செய்யப்படுகிறது: பலமாக இடித்தால் அது முறிந்து, படகின் பின்பகுதி பிளக்காமல் காப்பாற்றும். விரல் நீளம்கூட இல்லாத அந்த ஆணி முறிந்ததும், இனி முறியவே கூடாது என்று இரும்பு ஆணியை அடித்துவிடுவோர் இருக்கிறார்கள். அது மிகவும் வருந்தத்தக்க செயல்; மலிவான உறுப்பைக் காப்பாற்றி, திருத்தவே முடியாத உறுப்பைப் பலியிடுவதாகும். இரண்டு மாற்று ஆணிகளைச் சுக்கான் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவைத்தால் நீரிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

சுக்கானின் மீது பழி விழும் இன்னும் இரண்டு குறைகள் படகின் உடலில் ஒளிந்திருப்பவை. கயிறுகள் படகுக்குள் நுழையும் குழாய்களின் வாயும், சுக்கான் தாங்கியைப் பிணைக்கும் போல்ட் துளைகளும் பின்முனையில் இருப்பதால், அவற்றின் அடைப்பு வெடித்தால் நீர் அங்கேயே கசிந்து சேரும். சேர்ந்த நீர் கடையாலைத் தாழ்த்த, படகு மந்தமாகித் திசை தவறும். கசிவின் இடத்தை அறிய, உலர்ந்த படகுக்குள் ஒரு வாளி நீரை ஊற்றி, அணியத்தை உயர்த்திப் பிடித்து, பின்முனையில் வெளிப்புறத்தில் எங்கே துளிர்க்கிறது என்று பார்ப்பதே நம்பகமான வழி. மற்றொன்று, வெயிலில் இறுகக் கட்டப்பட்டும் அடுக்கப்பட்டும் கிடந்ததால் அடிப்பகுதி குழிவது. இருக்கைக்கு நேர் கீழே விழும் அந்தக் குழி இருக்கையையும் ஒருபுறம் சாய்க்கும், நடுக்கோட்டையும் வளைக்கும். வெயிலில் படகைக் குப்புறப் போட்டு, பிளாஸ்டிக் இளகிய பின் உட்புறத்திலிருந்து கையால் மெல்லத் தள்ளிப் பிடித்தால் பெரும்பாலான குழிகள் மீளும். நெருப்புச் சுவாலையைக் காட்டக் கூடாது.

தமிழ்நாட்டின் உவர்நீர்ச் சூழலில் இவை அனைத்தும் விரைந்து நிகழ்கின்றன. இராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில், அலையாத்திக் காட்டினூடே கயாக் ஓட்டும் சூழல் சுற்றுலாவை வனத்துறை ஊர்மக்களோடு சேர்ந்து நடத்திவருகிறது. அத்தகைய கழிகளில் வேர்கள் சுக்கானுக்கும், சேறு அச்சுக்கும், உப்பு உலோகத்துக்கும் ஓயாத பகை. அலுமினியச் சட்டத்தில் எஃகு போல்ட் மாட்டி உப்புநீரில் நனைத்தால், இரு வேறு உலோகங்களுக்கிடையே சிறு மின்னோட்டம் உண்டாகி அலுமினியம் அரிக்கப்படுகிறது. போல்ட்டைச் சுற்றி வெண்பொடி படிந்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். நைலான் வாசர் இட்டு இரண்டையும் பிரிப்பதும், ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவுவதும் இதைத் தள்ளிப்போடும். வெயிலின் புறஊதாக் கதிர் வாரையும் கயிற்றையும் நொறுக்குகிறது. நிறம் வெளுத்து, தொட்டால் சொரசொரப்பாகத் தோன்றும் வார், பார்வைக்கு முழுதாக இருந்தாலும் நம்பத்தக்கதன்று.

பழுது நீங்கிய படகை நேரே ஆழத்துக்குக் கொண்டுசெல்லக் கூடாது. மார்பளவு நீரில், உயிர்காப்பு உடை அணிந்து, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, காற்றை எதிர்த்தும் காற்றோடும் பக்கவாட்டிலும் சிறிது தொலைவு ஓட்டி, பிறகு சுக்கானைத் தூக்கிவிட்டு, துடுப்பை அகலமாக வளைத்து வலித்து மட்டுமே படகைத் திருப்ப முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கயிறு அறும் நாளில் கரை சேர்க்கப்போவது அந்தத் திறமைதான். இறுதியாக, வேண்டுமென்றே நீரில் இறங்கி, பக்கவாட்டிலிருந்து மீண்டும் படகில் ஏறிப் பார்க்க வேண்டும். உயர்ந்து நிற்கும் சாய்மானம் உயிர்காப்பு உடையில் கொக்கிபோல் மாட்டுகிறதா, தொங்கும் வாரின் வால் காலில் சுற்றுகிறதா, ஏறும் வேகத்தில் இருக்கை மடங்கி அடியில் சிக்குகிறதா என்பவை கரையில் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் தெரியாதவை. சாய்மானம் மாட்டினால் அதைத் தாழ்த்த வேண்டும். வாரின் வால் நீண்டிருந்தால் ஒரு சாண் மட்டும் விட்டு வெட்டி, நூல் பிரியாமல் முனையைச் சுட்டுவிட வேண்டும்.